சாவியைக் கையில கொடுங்க!

உங்கள் வீட்டில் எப்போதாவது ஒரு பழைய கார் இருந்திருக்கிறதா? உங்களிடம் இல்லாவிட்டாலும் பெரியப்பாவிடமோ மாமாவிடமோ ஒரு அம்பாஸடர்? இருந்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டில் பொசுக்கென்று எரியும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

1994, ஆனி மாதம். நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ராதாபுரம் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு மாமாவின் காரில் கிளம்பினோம். 1972 மாடல் மார்க்-2 அம்பாஸடர். சுசீந்திரம் தாண்டி, கல் உளிச் சத்தம் ஓயாத மயிலாடி தாண்டி, அஞ்சுகிராமத்தை நெருங்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா கண்டுகொள்ளவில்லை. “அது அப்படித்தான்டா, அப்பப்ப எரியும்!” என்றார். இரண்டு நிமிடத்தில் முன்னாலிருந்து ஏதோ கருகுகிற நாற்றம். அப்புறம் ஆவி. வண்டி ஓரம் கட்டப்பட்டது.

பானெட்டைத் திறந்தால், ஃபேன் பெல்ட் அறுந்து, நார் நாராகப் பிரிந்து, செத்த பாம்பு மாதிரி ஃபேனைச் சுற்றிக் கிடந்தது.

அந்தக் கால எஞ்சினில் இந்த ஒற்றை பெல்ட்டுக்கு எத்தனை வேலை தெரியுமா? அடியில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு புல்லி. மேலே வாட்டர் பம்ப்பின் புல்லி. அதன் மூக்கிலேயே ஃபேன். பக்கவாட்டில் டைனமோவின் புல்லி. மூன்றையும் முக்கோணமாக இழுத்துக் கட்டியிருப்பது ஒரே ஒரு பெல்ட். அது போனால் டைனமோ நிற்கும். சிவப்பு விளக்கு சொல்வது அதைத்தான். கூடவே தண்ணீர் ஓட்டம் நிற்கும், ஃபேன் நிற்கும். எஞ்சின் தன் சூட்டிலேயே வேக ஆரம்பித்துவிடும்.

அரை கிலோமீட்டர் தள்ளிவந்து, ஒரு ஓலைக் கொட்டகை ஒர்க்‌ஷாப் முன்னால் நிறுத்தினோம். உள்ளிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். பானெட்டைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. நேரே மாமாவிடம் வந்து இடது கையை நீட்டினார்.

“சாவியைக் கையில கொடுங்க அண்ணாச்சி!”

“எஞ்சின்தான் ஓடலியே! சாவி எதுக்கு?” என்றார் மாமா.

“அது கெடக்கட்டும். கொடுங்க.”

வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, பைக்கு ஒரு ஊக்கும் குத்திக்கொண்டார். அதற்கப்புறம்தான் எஞ்சின் பக்கம் போனார். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என்னை ஒரு அதட்டல் போட்டார். கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் முகத்தில்தான் அடிக்கும். “அரை மணிக்கூர் ஆறட்டும்” என்று பீடியைப் பற்றவைத்தார். அப்போதுதான் அந்த வலது கையைக் கவனித்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

எஞ்சின் ஆறியதும் அவர் பெல்ட்டை விட்டுவிட்டு புல்லிகளைத் தடவிப் பார்த்தார். போன மாதம்தான் வேறொரு ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது பெல்ட் போட்டிருந்தார் மாமா. அந்தக் கோபம் அவருக்கு. மெக்கானிக் சிரித்தார். “பெல்ட் அத்துப்போச்சுன்னா பெல்ட்டை மட்டும் மாத்தினா எப்படி? ஏன் அத்துதுன்னு பாக்கணும்லா? இங்கன பாருங்க.”

வாட்டர் பம்ப் புல்லியின் பள்ளத்தைத் துடைத்துக் காட்டினார். அடிப்பகுதி கண்ணாடி மாதிரி பளபளத்தது.

“இது பளபளன்னு இருக்கப்படாது. பெல்ட் அடியில உக்காரப்படாது. ரெண்டு பக்கமும் கடிச்சுப் பிடிக்கணும், மரத்துல ஆப்பு அடிச்ச மாதிரி. பக்கம் தேஞ்சுபோனா பெல்ட் கீழ இறங்கி வழுக்கும். வழுக்கினா சூடாகும். சூடானா அறும். நீங்க நூறு பெல்ட் வாங்கினாலும் இந்தப் புல்லி தின்னுபோடும்.”

பொறியியல் கல்லூரியில் அரைநாள் நடத்துகிற பாடம் இது! பையன் ஒருவனை பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு அனுப்பினார், பெல்ட்டும் புல்லியும் வாங்கிவர. திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனிக் காற்று கொட்டகையின் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் சொன்ன கதையையும், அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததையும்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரு சக்கரம் சுற்றினால் இன்னொரு சக்கரமும் சுற்ற வேண்டும். இடையில் ஒரு கயிறு. இந்த யோசனை யாருடைய மூளையில் முதலில் உதித்ததோ! ஆனால் நம் வீடுகளில் அது ரொம்ப காலமாக இருந்திருக்கிறது. நூல் நூற்கும் ராட்டையைத்தான் சொல்கிறேன். பெரிய சக்கரம், சின்னக் கதிர், இரண்டையும் சுற்றிவரும் ஒரு கயிறு. பெரியது ஒரு சுற்று சுற்றினால் கதிர் பல சுற்று சுற்றும். அது முழுக்க முழுக்க பெல்ட் டிரைவ்தான்!

இந்தியாவில் ராட்டை எப்போது வந்தது என்று வரலாற்று ஆசிரியர்களுக்குள் பெரிய வாதமே உண்டு. நமக்குக் கிடைக்கும் தெளிவான பழைய குறிப்பு 1350-ஐ ஒட்டி இஸாமி என்ற கவிஞர் பாரசீகத்தில் எழுதிய ஒரு வரலாற்றுக் காவியத்தில் வருகிறது. எந்த இடத்தில் தெரியுமா? டெல்லியை ஆண்ட ரஸியா சுல்தானாவைத் திட்டும் இடத்தில்! பெண் என்றால் ராட்டையோடு உட்கார்ந்திருக்க வேண்டும், சிம்மாசனத்தில் இவளுக்கு என்ன வேலை என்கிற தொனி. ஒரு இயந்திரம் முதன்முதலாக நம் சரித்திரத்தில் தலைகாட்டும்போதே ஒரு பெண்ணை மட்டம் தட்டுவதற்காகத்தான் வந்தது என்றால் என்ன சொல்வது?

ராட்டையின் கயிறு யாருடைய விரலையும் எடுத்ததில்லை. கையால் சுற்றுவது, கையை எடுத்தால் நின்றுவிடும். ஆபத்து வந்தது நீராவியோடு.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பெரிய ஆலைகள் கிளம்பின. ஆலைக்கு ஒரே ஒரு எஞ்சின் அல்லது ஒரே ஒரு தண்ணீர்ச் சக்கரம். அதிலிருந்து கூரைக்கடியில் நீளமாக ஓடும் ஒரு இரும்புத் தண்டு - ஷாஃப்ட். அந்தத் தண்டிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட்டுகள் இறங்கும். நூறு பெல்ட், இருநூறு பெல்ட்! மாட்டுத் தோலைப் பதப்படுத்தி, பட்டை பட்டையாக வெட்டி, தோல் வாரால் தைத்து இணைத்தவை. நம் பக்கத்தில் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி ஆலை வைத்தார்களே, அதுவும் இந்த யுகத்தின் ஆலைதான்.

இங்கே ஒரு வேடிக்கை. தட்டையான பெல்ட் வேகமாகச் சுற்றும்போது ஏன் சறுக்கி விழுவதில்லை? புல்லிக்கு இரண்டு பக்கமும் வரப்பு கட்டியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை! நடுவில் லேசாக மேடு வைத்திருப்பார்கள். ஓடுகிற பெல்ட் தாழ்வான பக்கம் போகாமல் மேட்டைத் தேடி ஏறி நடுவில் நின்றுகொள்ளும். இயந்திரத்தை நிறுத்த வேண்டுமானால் பெல்ட்டைப் பக்கத்திலேயே சும்மா சுற்றும் இன்னொரு புல்லிக்குத் தள்ளிவிடுவார்கள். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் எமன்.

நம் மெக்கானிக்குக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1951 வாக்கில், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாக இருந்த காலம். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தானே! ஒரு ரைஸ் மில்லில் எடுபிடி வேலை. வயது 12. எண்ணெய் எஞ்சின் ஒன்று, மேலே ஷாஃப்ட், அதிலிருந்து ஹல்லருக்கு ஒரு பெல்ட், சல்லடைக்கு ஒரு பெல்ட். மழைக்காலத்தில் ஈரம் ஏறி பெல்ட் தளர்ந்து நழுவும். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி சுற்றிக் கிளப்புவதற்குள் நாலு ஆளுக்கு மூச்சு வாங்கும். நெல்லோடு வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பால் பெல்ட்டைத் தூக்கி புல்லியில் ஏற்ற வேண்டும். சின்னப் பையன் என்றால் சந்தில் நுழைவான். அவனைத்தான் ஏவுவார்கள்.

“ஒரு நாள் கம்பு முறிஞ்சுபோச்சு. அவ்வளவுதான். வலிக்கக்கூட இல்ல அண்ணாச்சி. கீழ பாத்தா அரிசி சிவப்பா கெடக்கு.”

மில்காரர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வந்தது. கணக்கு தீர்ந்தது.

சட்டம் இல்லாமலா இருந்தது? இருந்தது. 1948-ல் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. அதன் 21-வது பிரிவு, சுற்றுகிற பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்றது. 22-வது பிரிவை நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். எழுதியவர் யாரோ பெல்ட்டின் பக்கத்தில் நின்று பார்த்தவர்! ஓடும் இயந்திரத்தின் அருகே பெல்ட் மாட்டுகிற வேலையைத் தனிப் பயிற்சி பெற்ற, வயது வந்த ஆண்தான் செய்ய வேண்டும். அவர் உடம்போடு ஒட்டிய உடை போட்டிருக்க வேண்டும். ஓடும் புல்லியில் கையால் தொடும் பெல்ட் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதன் இணைப்பு தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படியே வரிசையாகப் போகிறது. ஒட்டிய உடை ஏன்? வேட்டி நுனியும் துண்டும் போதும், ஆளையே உள்ளே இழுத்துக்கொள்ள. புடவைத் தலைப்பும் பின்னலும் சொல்லவே வேண்டாம்.

ஆனால் மின்சாரத்திலோ எஞ்சினிலோ ஓடும் இடமாக இருந்தால் அங்கே 10 பேராவது வேலை பார்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அது சட்டத்தின் கண்ணுக்குத் தானாகவே ‘தொழிற்சாலை’. அந்த ரைஸ் மில்லில் இருந்தது 6 பேர். ஆறு பேர் இருக்கிற இடத்தில் பெல்ட் மெதுவாகவா சுற்றும்? 2020-ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த 10-ஐ 20 ஆக உயர்த்தியிருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

இழப்பீட்டுக்கும் தனிச் சட்டம் இருந்தது, 1923-லிருந்தே. பின்னாளில் திருத்தி விரிவாக்கிய அதன் அட்டவணையைப் புரட்டினால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ஒவ்வொரு விரலுக்கும், விரலின் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சதவிகிதம் போட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகித இழப்பு. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் 11. நடுவிரலில் இரண்டு கணுவுக்கு 9. அஞ்சுகிராமத்து மெக்கானிக்கின் கையைக் கூட்டிப் பார்த்தால் 20 சதவிகிதம் வருகிறது. அவருக்குக் கிடைத்தது ஒரு மூட்டை அரிசி.

சரி, கார் பக்கம் வருவோம்.

உலகின் முதல் கார் என்று சொல்லப்படும் கார்ல் பென்ஸின் 1886 மாடல் மூன்று சக்கர வண்டி இருக்கிறதே, அதில் கியர்பாக்ஸ் கிடையாது. எஞ்சினிலிருந்து சக்தியைக் கொண்டுபோனது ஒரு தோல் பெல்ட்! அந்தக் கால ஆலையில் செய்த மாதிரியே, பெல்ட்டை சும்மா சுற்றும் புல்லியிலிருந்து வேலை செய்யும் புல்லிக்குத் தள்ளினால் வண்டி கிளம்பும். திரும்பத் தள்ளினால் நிற்கும். ரைஸ் மில்லுக்குச் சக்கரம் கட்டி ரோட்டில் விட்ட மாதிரிதான்.

1888 ஆகஸ்ட்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், தன் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு அந்த வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார். 100 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்துபோன பிரேக்குக்கு ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்தார். மேடு வந்தபோது பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். உலகத்தின் முதல் நெடுந்தூர டிரைவரும் ஒரு பெண், முதல் ரோட்டோர மெக்கானிக்கும் அவரேதான். இஸாமி இதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

பிற்பாடு கார்களுக்கு கியரும் ஷாஃப்டும் வந்தன. பெல்ட்டுக்கு மிச்சமிருந்தது ஃபேனைச் சுற்றும் வேலை. தோல் பட்டையும் சணல் கயிறும் நீட்டித்துக்கொள்ளும், நனைந்தால் வழுக்கும். 1917-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஜான் கேட்ஸ் என்பவர், ரப்பரும் நூலும் சேர்த்து, குறுக்கே வெட்டினால் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் இருக்கும் பெல்ட்டை உருவாக்கினார். பெல்ட் பள்ளத்தில் ஆப்பு மாதிரி இறங்கி இரண்டு பக்கமும் கடிக்கும். இழுக்க இழுக்கக் கடி இறுகும். இன்றைக்கு உங்கள் ஊர் மாவு மில்லிலிருந்து கம்ப்ரஸர் வரைக்கும் இதே பெல்ட்தான்.

ரப்பர் என்றதும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். நியாயம்தான். தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே அந்த மாவட்டத்து மலையோரம்தான். 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவை இலங்கைக்கு வந்தன. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மலைகளில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1984-ல் நாகர்கோவிலைத் தலைமையிடமாக வைத்து அரசு ரப்பர் கழகம் ஏற்பட்டது. அதில் பால் வடிக்க வந்தவர்களில் பலர், சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள். விதை வந்த வழியிலேயே கை வந்து சேர்ந்தது.

ஆனால் மாமாவின் பெல்ட்டில் குலசேகரத்து ரப்பர் இருந்திருக்குமா என்று கேட்டால், சந்தேகம்தான். இயற்கை ரப்பருக்கு எண்ணெயும் சூடும் ஆகாது. கார் எஞ்சினில் இருப்பதோ அந்த இரண்டும்தான்! 1930-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரைக் கண்டுபிடித்தார்கள். 1942-ல் ஜப்பான் மலேயாவைப் பிடித்து ரப்பர் வரத்தை அடைத்ததும், செயற்கை ரப்பர் ராட்சச வேகத்தில் வளர்ந்தது. ஃபேன் பெல்ட் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டது.

மூன்று மணிக்கு மேல் பையன் வந்து சேர்ந்தான். பெல்ட் மதுரை கொச்சடையில் ஃபென்னர் கம்பெனியில் செய்தது. அந்தப் பெயருக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1861-ல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ஆலைகளுக்குத் தோல் பெல்ட் செய்து விற்க ஆரம்பித்தவர் ஜோசப் ஹென்றி ஃபென்னர். அந்தத் தோல் வாரின் வாரிசுதான் அஞ்சுகிராமத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது.

மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். முதலில் டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை எஞ்சின் பக்கம் சாய்த்தார். ஃபேனைக் கழற்றி, தேய்ந்த புல்லியை எடுத்துப் புதியதை மாட்டினார். மூன்று புல்லியும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று ஒரு இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். அப்புறம் பெல்ட். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றவே இல்லை. “நெம்பினா உள்ள இருக்கிற நூல் அறும். வெளிய தெரியாது. அடுத்த மாசம் தெரியும்” என்றார். போன மாதத்து ஒர்க்‌ஷாப்பில் நெம்பித்தான் ஏற்றினார்கள் என்பது மாமாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. டைனமோவை வெளிப்பக்கம் இழுத்துப்பிடித்து போல்ட்டுகளை முறுக்கினார். நீளமான பக்கத்தில் பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் இறங்கியது. ரொம்ப இறுக்கினால் டைனமோவின் பேரிங் போகும், தளர்ந்தால் வழுக்கும்.

“இதுக்குக் கட்டைவிரல் போதும். அது இருக்கு” என்று சிரித்தார்.

அம்பாஸடர் கார் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இப்போதைய கார்களில் பெல்ட்டைத் தானே இறுக்கிக்கொள்ளும் ஏற்பாடெல்லாம் வந்துவிட்டது. ஆனால் உங்கள் வீட்டு வாசலில் கியர் இல்லாத ஸ்கூட்டர் நிற்கிறதா? 1984-ல் கைனெடிக் ஹோண்டா நம் ஊருக்குக் கொண்டுவந்த வகை. அதன் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருப்பது ஒரு ‘வி’ பெல்ட்தான். வேகத்துக்கு ஏற்றபடி புல்லிகள் அகன்றும் குறுகியும் பெல்ட்டை மேலே கீழே நகர்த்தும். இந்த வித்தையை 1958-ல் டாஃப் என்ற டச்சுக் கம்பெனி ஒரு காரிலேயே வைத்தது. ரிவர்ஸ் போட்டால் முன்னால் போகிற அதே வேகத்தில் பின்னாலும் போகுமாம் அந்தக் கார்! கிளம்பும்போது உங்கள் ஸ்கூட்டர் உதறுகிறதா, உறுமுகிற அளவுக்கு ஓட்டம் இல்லையா? பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே புல்லியையும்.

மெக்கானிக் பானெட்டை இறக்கி, இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் பையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி சாவியை எடுத்தார். கூலி முப்பது ரூபாய். மாமா ஐம்பதாகக் கொடுத்ததற்கு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறுந்த பெல்ட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆட்டுப் பட்டிக் கதவுக்குக் கீல் மாதிரி ஆணி அடித்துவிடலாமாம்.

“புது பெல்ட் கொஞ்சம் நீளும். பத்து மைல் போனதும் நிறுத்தி, ஒரு தடவை அழுத்திப் பாத்துக்கிடுங்க.”

ராதாபுரத்துக்குச் சற்று முன்னால், ஒரு பனங்கூட்டம் ஓரமாக மாமா வண்டியை நிறுத்தினார். இறங்கி முன்பக்கம் போனார். பானெட்டில் கை வைத்தவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு சாவியை உருவி, பின்சீட்டில் இருந்த அத்தையிடம் கொடுத்துவிட்டு மறுபடி முன்னால் போனார்.